சன்னல் இல்லா மாளிகையும் சாமானியன் வாக்கும்

சன்னல் இல்லாத வீட்டில் யார் குடியிருப்பார்? வாசலில் கோலமில்லை, கொல்லையில் துணி காயவில்லை, குழந்தையின் அழுகுரல் கேட்கவில்லை. ஆனால் இரவும் பகலும் ஓர் இரைச்சல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படிப்பட்ட கட்டடங்கள் ஒன்றல்ல, பத்தல்ல. வரிசை வரிசையாக, மூன்று கோடிச் சதுர அடிக்கு மேல் எழுந்து நிற்கும் ஒரு மாவட்டம் இருக்கிறது. அமெரிக்க நாட்டின் தலைநகரான வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லவுடன் மாவட்டம் அது. அங்கே அதைக் கவுண்டி என்று அழைக்கிறார்கள்.

எங்கோ இருக்கும் மாவட்டத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஊர் வேகமாக வளர்ந்தால் வளர்ச்சியின் கனி யாருக்குப் போகிறது? ஊராட்சி யார் கையில் இருக்கிறது? உழைப்பவனுக்கு அங்கே தலைசாய்க்க இடமுண்டா? இந்தக் கேள்விகளுக்கு எல்லையில்லை. ஆகவேதான் லவுடனைப் பற்றிப் பேசுகிறோம்.

1960இல் அந்த மாவட்டத்தின் மக்கள் தொகை 24,549. மாடு மேயும் புல்வெளி, பால் பண்ணை, சிறு சிறு கடைத்தெரு, இவைதாம் அன்றைய லவுடன். 1962 நவம்பரில் டல்லஸ் விமான நிலையத்தை அன்றைய குடியரசுத் தலைவர் கென்னடி திறந்து வைத்தார். விமானம் வந்தது, பின்னாலேயே சாலை வந்தது, சாலைக்குப் பின்னால் வீட்டு மனை வந்தது. 1990இல் 86,129 பேர். 2000இல் 1,69,599 பேர். 2010இல் 3,12,311 பேர். 2020இல் 4,20,959 பேர்! அறுபதே ஆண்டுகளில் பதினேழு மடங்கு! 2022 நவம்பரில் வாஷிங்டன் மெட்ரோ ரயிலும் ஆஷ்பர்ன் வரை வந்து சேர்ந்தது.

இத்தனை பெரிய ஜனத்திரளை ஆள்வது யார்? ஒன்பது பேர் கொண்ட மேற்பார்வையாளர் மன்றம். எட்டுத் தொகுதிகளுக்கு எட்டுப் பேர். மாவட்டம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஒருவர். நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தல். 2023இல் நடந்தது, அடுத்தது 2027இல். பள்ளிகளுக்கு என்று தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று உண்டு. ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 52,000 பேர். 1960இல் மாவட்டம் முழுவதும் இருந்த மக்களைப்போல் இரு மடங்குப் பேருக்கு இன்று ஒரே ஒரு பிரதிநிதி! ஊர் வளர்ந்த அளவுக்கு வளரவில்லை ஊராளும் மன்றம்.

ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங், சவுத் ரைடிங் போன்ற பெரிய குடியிருப்புகளுக்கு நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது. மாவட்டத் தலைநகரான லீஸ்பர்க் உள்ளிட்ட ஏழு ஊர்களுக்குத்தான் தனி நகர மன்றம் உண்டு. மற்ற இடங்களில் வீட்டு வாசலில் குப்பை அள்ளக்கூட மாவட்ட நிர்வாகம் வருவதில்லை. தனியார் வண்டிதான் வரவேண்டும். அதற்கு ஏற்பாடு செய்வது பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் சங்கம்.

அந்தச் சங்கம் மாதச் சந்தா வாங்குகிறது. வேலி எவ்வளவு உயரம், கதவுக்கு என்ன வண்ணம் என்றெல்லாம் விதி போடுகிறது. மீறினால் கட்டணம் விதிக்கவும் அதற்கு வழியுண்டு. ஆக, அது ஒரு குட்டி அரசாங்கம்! அந்த அரசாங்கத்தில் யாருக்கு வாக்கு? வீட்டுக்குச் சொந்தக்காரனுக்கு வாக்கு. வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு வாக்கு இல்லை. சொத்துள்ளவனுக்கே ஓட்டு என்ற பழைய காலத்தை நாம் மறந்துவிடவில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்த பின் அந்தப் பேய் ஒழிந்தது என்று நினைத்தோம். அது ஒழியவில்லை; முன்வாசல் வழியாக விரட்டப்பட்டுப் பின்வாசல் வழியாகச் சங்கம் என்ற பெயரில் வந்து குந்தியிருக்கிறது!

இனி அந்தச் சன்னல் இல்லா மாளிகைகளுக்கு வருவோம். டேட்டா சென்டர் என்கிறார்களே, அந்தத் தரவு மையங்கள்தாம் அவை. நாம் கைப்பேசியில் அனுப்பும் செய்தியும், பார்க்கும் படமும், செலுத்தும் பணத்தின் கணக்கும் இப்படிப்பட்ட கூடங்களில் உள்ள கணினிகளில்தான் தங்குகின்றன. உலகிலேயே இவை மிக நெருக்கமாகக் குவிந்துள்ள இடம் லவுடன்.

இவற்றால் மாவட்டத்துக்கு வருமானம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். பொய் பேசிப் பழக்கமில்லை நமக்கு. மாவட்டத்தின் வரி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கூடங்கள் தருகின்றன. 2012இல் நூறு டாலர் மதிப்புள்ள வீட்டு மனைக்கு 1.235 டாலர் வரி. 2025இல் அது 0.805 டாலர். பள்ளிக்கூடம் கட்டப்படுகிறது, பூங்கா அமைக்கப்படுகிறது, வீட்டுக்காரனுக்கு வரி குறைகிறது. "இதைவிட என்ன வேண்டும்?" என்று கேட்பவர் அங்கே நிறைய உண்டு. அவர்களை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டல்லவா? 2024 டிசம்பரில் வர்ஜீனியா சட்டமன்றத்தின் ஆய்வுக் குழு ஓர் அறிக்கை தந்தது. இரண்டரை லட்சம் சதுர அடி கொண்ட ஒரு தரவு மையத்தில் நிரந்தரமாக வேலை செய்பவர் ஏறத்தாழ 50 பேர் என்றும், அவர்களிலும் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள்; கட்டி முடித்தால் ஐம்பதே ஆள்! அதே கூடங்களுக்குக் கருவி வாங்குவதற்கான விற்பனை வரியை மாநில அரசு தள்ளுபடி செய்கிறது. 2023 நிதியாண்டில் மட்டும் தள்ளிவிட்ட தொகை 90 கோடி டாலருக்கு மேல். மாவட்டத்துக்கு ஒரு கை கொடுக்கிறது. மாநிலத்திடமிருந்து மறு கை எடுக்கிறது. வீட்டோரம் உயர் அழுத்த மின்கம்பி, மின்சாரம் நின்றால் உறுமும் டீசல் இயந்திரம், நாள் முழுவதும் விசிறிகளின் ஓலம், இவற்றைச் சகிப்பவன் கூலியாக எதைப் பெறுகிறான்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மாவட்டம் தன் வயிற்றுக்கு ஒரே தொழிலை நம்பினால், அந்தத் தொழிலின் முதலாளி முகம் சுளித்தால் மாவட்டம் நடுங்கும். கணினி பழையதானால் அதன் வரிமதிப்பு சரியும். அப்போது பள்ளிக்கூடத்துக்கு யார் பணம் தருவார்? வாக்களித்தவன் ஆள்கிறானா, வரி கட்டுபவன் ஆள்கிறானா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

லவுடன் செல்வம் கொழிக்கும் பூமி. அமெரிக்காவிலேயே குடும்ப வருமானம் உச்சியில் உள்ள மாவட்டங்களில் ஒன்று. நடுத்தட்டில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானமே ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். ஆனால் அந்த ஊரில் பேருந்து ஓட்டுபவன், பள்ளியில் கூட்டிப் பெருக்குபவள், தீயணைக்க ஓடுபவன், முதியோரைக் குளிப்பாட்டி விடுபவள் ஆகியோருக்கு அங்கே வீடு எட்டாக்கனி. விடியுமுன் தொலைவிலிருந்து வண்டி பிடித்து வந்து, ஊரை எழுப்பிவிட்டு, இருட்டிய பின் வேறு மாவட்டத்துக்குப் போய்ப் படுப்பவர் அவர்களில் ஏராளம். அப்படிப் போய்ப் படுப்பவனுக்கு லவுடனில் வாக்கும் இல்லை! வேலை ஓரிடம், வாக்கு வேறிடம். தன்னை வேலை வாங்கும் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கு இல்லை.

மன்றம் இதை அறியாதது அல்ல. கட்டுமான முதலாளிகள் எளியோருக்கெனக் குறைந்த விலை வீடுகளை ஒதுக்கித் தரவேண்டும் என்று 1993இலேயே திட்டம் போட்டது. அது போதவில்லை. 2021 செப்டம்பரில் வேறொரு திட்டத்தை ஏற்றது. அதன் பெயரே 'நிறைவேறாத வீட்டுத் தேவைகளுக்கான திட்டம்'! இருபத்தெட்டு ஆண்டு கழித்தும் நிறைவேறவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2023 ஜனவரியில் மாவட்டப் பேருந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பேருந்தில் எழுதியிருப்பது மாவட்டத்தின் பெயர். ஆனால் ஓட்டுபவனுக்குக் கூலி கொடுப்பது தனியார் ஒப்பந்த நிறுவனம். கொட்டும் குளிரில் வாரக்கணக்கில் நின்றார்கள். பேச்சு நடந்தது தொழிலாளிக்கும் ஒப்பந்தக்காரனுக்கும் இடையே; மாவட்ட மன்றம் அந்த மேசையில் இல்லை. பொதுப்பணத்தில் ஓடும் வண்டிக்குப் பொதுமன்றம் பொறுப்பில்லை என்றால், ஒப்பந்த முறை எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது தொழிலாளிக்குப் புரியாதா?

மன்றத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கவில்லை. அதன் கைக்கும் விலங்கு உண்டு. டில்லன் விதி என்பது அந்த விலங்கின் பெயர். 1868இல் அயோவா மாநிலத்து நீதிபதி டில்லன் சொன்ன தீர்ப்பு அது. மாநிலம் சட்டம் போட்டுக் கொடுத்த அதிகாரம்தான் ஊராட்சிக்கு உண்டு. கொடுக்காதது எதுவும் இல்லை. வர்ஜீனியா அதை 1896இலிருந்து கடைப்பிடிக்கிறது. அதனால் வாடகைக்கு உச்சவரம்பு விதிக்க மாவட்டத்தால் முடியாது. தன் எல்லைக்குள் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தவும் முடியாது. வாசல் முன் உள்ள சாலையில் பள்ளம் விழுந்தால்கூட 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பராமரிப்பது மாநிலத்தின் சாலைத் துறை. பொறுப்பெல்லாம் கீழே, அதிகாரமெல்லாம் மேலே! இந்தக் கதை நமக்குப் புதிதல்லவே!

அப்படியானால் மக்களால் எதுவும் முடியாதா? முடியும் என்று அந்த மண்ணின் வரலாறே சொல்கிறது. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒழுங்கான உயர்நிலைப் பள்ளி இல்லாதிருந்த காலம். அவர்களின் பெற்றோர் சங்கம் கண்டார்கள். சிறுகச் சிறுகக் காசு சேர்த்து 4,000 டாலருக்கு நிலம் வாங்கினார்கள். ஒரே ஒரு டாலருக்கு அதை மாவட்டத்திடம் எழுதிக் கொடுத்து, "இதில் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டு!" என்றார்கள். 1941இல் லீஸ்பர்க்கில் டக்ளஸ் பள்ளி திறந்தது. வரி கட்டிய மக்கள், தங்களுக்கு உரிய பள்ளிக்காக நிலத்தையும் தாங்களே கொடுக்க வேண்டியிருந்தது! இனப் பிரிவினை ஒழிந்து 1968இல் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குப் போகும் வரை, மாவட்டத்தில் கறுப்பின மாணவருக்கு இருந்த ஒரே உயர்நிலைப் பள்ளி அதுதான்.

அண்மைக்காலத்திலும் வெற்றி உண்டு. ஊராட்சி ஊழியர்கள் கூட்டுப் பேரம் பேசக்கூடாது என்று வர்ஜீனியாவில் 1993இல் சட்டமே போட்டிருந்தார்கள். 2020இல் அந்தப் பூட்டைச் சட்டமன்றம் தளர்த்தியது. 2021 மே முதல் நாள், ஆம், மே நாளிலேயே, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் லவுடன் மன்றம் தன் ஊழியருக்கு அந்த உரிமையை வழங்கியது. 2025 மார்ச்சில் இன்னொரு திருப்பம்: கேட்பாரின்றித் தரவு மையம் கட்டலாம் என்றிருந்த உரிமையை மன்றம் நீக்கிவிட்டது. புதிய விண்ணப்பம் மன்றத்தின் முன்னும் மக்கள் முன்னும் வந்தாக வேண்டும். இரைச்சலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், தங்கள் குரலையும் கேட்கச் செய்தார்கள்.

அந்த மாவட்டத்தில் நம் தமிழரும் வாழ்கிறார்கள். ஆஷ்பர்னிலும் சவுத் ரைடிங்கிலும் கணினித் தொழில் செய்கிறார்கள். வரி கட்டுகிறார்கள். விசாவில் இருப்பவருக்கு வாக்கில்லை. வாக்குள்ளவரில் பலர் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு ஓடுவார்கள். மாவட்டத் தேர்தலுக்குத் தூங்குவார்கள். அவர்களுக்கும் சொல்வோம்: பிள்ளையின் பள்ளியையும், வாசலில் வரும் மின்கம்பியையும், பேருந்துக்காரனின் கூலியையும் பற்றி முதலில் பேசும் இடம் வெள்ளை மாளிகை அல்ல, லீஸ்பர்க் மன்றம்!

அதே தரவு மையங்கள் இன்று சென்னையின் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்து நிற்கின்றன. வரட்டும்; வேண்டாம் என்று கதவடைப்பவரல்ல நாம். ஆனால் வரும்போதே கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு வேலை? அதில் எத்தனை பேர் நிரந்தரம்? எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம்? உள்ளாட்சிக்கு எவ்வளவு வரி? கட்டி முடித்த பின் கேட்டால் கட்டடம் பதில் சொல்லாது. அதற்குச் சன்னலும் இல்லை, வாயும் இல்லை!

மாளிகை எத்தனை உயர்ந்தாலும் அதற்கு வாக்கு இல்லை. வாக்கு இருப்பது உழைப்பவன் விரலில். அந்த விரல் மடங்கிக் கிடந்தால் மாளிகை ஆளும். நிமிர்ந்தால் மக்கள் ஆள்வார்கள்.