கெளுத்தி முள் குத்தினால்...

மீன் குழம்பின் ருசி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீனை ஆய்ந்து கழுவுகிறவரின் விரல் படும் பாடு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதிலும் கெளுத்தி என்றால் கேட்கவே வேண்டாம்! முதுகில் ஒரு முள், இரு பக்கத் துடுப்புகளிலும் ஒவ்வொன்று; ஆக மூன்று முட்கள். அவற்றை மூடிய தோலில் விஷம் உண்டு. "செத்த மீன்தானே!" என்று அலட்சியம் வேண்டாம், சகோதரிகளே! ஐஸில் கிடந்த மீனின் முள்ளும் குத்தினால் கடுக்கத்தான் செய்யும்.

குத்தியவுடன் சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் என்று கைக்கு அகப்பட்டதை அப்பாதீர்கள். விரலை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். முதலில் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்; வீங்கிய பிறகு கழற்றுவது கஷ்டம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முள் வெளியே தெரிந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம். ஆழமாகவோ மூட்டுப் பக்கமோ முறிந்திருந்தால் ஊசியால் கிண்டாமல் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

வலிக்குக் கைகண்ட மருந்து வெந்நீர்தான். இந்த விஷம் ஒரு வகைப் புரதம். உஷ்ணம் பட்டால் வீரியம் இழந்துவிடும். சூடு 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஆகையால் மற்றக் கையை விட்டுப் பார்த்து, பொறுக்கும் சூடுதானா என்று தெரிந்துகொள்ளுங்கள். 30 நிமிஷம் கை அதில் இருக்கட்டும்; வலி நிற்காவிட்டால் 90 நிமிஷம் வரை வைத்திருக்கலாம். ஆறியதும் வெந்நீர் சேர்க்கும்போது கையை வெளியே எடுத்துவிடுங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். சிவப்பு பரவினால், காய்ச்சல் கண்டால், காத்திருக்க வேண்டாம். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர்கள் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுவது நல்லது. மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். சில வாரம் கழித்து அந்த இடத்தில் கட்டி தோன்றினால், "மீன் முள் குத்தியது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்?

இனிமேல் கெளுத்தி வாங்கினால், மூன்று முட்களையும் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டுப் பிறகு ஆயத் தொடங்குங்கள். அப்படியும் குத்திவிட்டால், சமையலை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கவனியுங்கள். குழம்பு அரைமணி தாமதமானால் ஒன்றும் முழுகிப் போய்விடாது!