ஏலாக்குறிச்சியிலிருந்து இத்தாலிக்கு

இத்தாலி சுற்றுலா என்றால் ரோம், பீசா, வெனிஸ் என்ற விரைவு ஓட்டம்தான். அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதைவிட நெருக்கமான ஊர் ஒன்று அங்கே இருக்கிறது: மாந்துவா நகருக்குப் பக்கத்திலுள்ள காஸ்தில்யோனே. வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர் அது. அவர் எழுப்பிய அடைக்கல மாதா ஆலயம் கொள்ளிடக் கரையோரம் ஏலாக்குறிச்சியில் நிற்கிறது.

1861 வரை இத்தாலி ஒரே நாடாக இல்லை. அதனால்தான் ஊருக்கு ஊர் பேச்சும், ஓவியமும், அடுப்படியும் மாறுகின்றன. மாந்துவா கோட்டை அரண்மனையில் ஓவியர் மாந்தேன்யா 1474இல் வரைந்து முடித்த அறையில் அண்ணாந்து பார்த்தால் கூரையே திறந்து வானம் தெரிவதுபோல இருக்கும். எல்லாம் தூரிகை வேலை. சாப்பாட்டிலோ தக்காளிக்கு முதலிடம் இல்லை. பூசணியும் பாதாம் பிஸ்கட் தூளும் பாலாடைக்கட்டியும் கலந்து பூரணமாக வைத்த பாஸ்தா மாந்துவாக்காரர்களின் பெருமை. நெல் குத்திய தொழிலாளர்களின் பெயரால் ஒரு சோற்று வகையும் உண்டு. போ ஆற்றுச் சமவெளியும் நெல் விளையும் பூமிதானே!

ஒரு வாரத்தில் ஏழு நகரம் பார்ப்பதைவிட, ஒரே வட்டாரத்தில் தங்கி அதன் சோற்றையும் சுவரோவியத்தையும் அறிவதே உருப்படியான பயணம்.

அத்தனை பேராலும் இத்தாலி போக முடியாது. அதனால் அதேபோல இங்கே நம் வட்டாரத்திலும் வரதராஜன்பேட்டை மாதா கோவில், ஏலாக்குறிச்சி, கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் இணைத்து, வட்டாரச் சமையலோடு ஒரு பயணத் தடத்தைச் சுற்றுலாத் துறை அமைக்க வேண்டும். முதலில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகட்டும்.