பகல் வேலைக்கு மாறிய பின் வரும் இரவுகள்



வழமையாக உங்கள் கதைகளைக் கேட்டு எழுதுபவள் நான். இம்மாதம் என்னுடைய சொந்த விடயமொன்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. கிளிநொச்சிப் பக்கத்தில் சந்தித்த ஓர் அக்கா கேட்ட கேள்விக்கு, அதைச் சொல்லாமல் பதில் கொடுக்க முடியவில்லை.

அந்த அக்கா வைத்தியசாலையொன்றில் சுத்திகரிப்பு வேலை செய்கிறார். கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். ஒரே மகள் உயர்தரம் படிக்கிறாள். ஏழு வருடங்களாக அக்காவுக்குப் பெரும்பாலும் இரவுக் கடமைதான். இரவில் பிள்ளைக்குத் துணையாக அம்மம்மா இருந்தார். அம்மம்மா கடந்த வருடம் காலமாகிவிட்டார். வளர்ந்த பெண்பிள்ளையைத் தனியே விட்டுப் போக முடியாது என்று அக்கா பலமுறை கேட்டு, காலை ஏழு மணி தொடக்கம் பின்னேரம் நாலு மணி வரையான வேலைக்கு மாறிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது கண்கள் உள்ளே போயிருந்தன.

"எல்லாரும் நல்ல விசயம் எண்டு சொல்லுகினம் தங்கச்சி. ஆனா ராவில ஒரு கண் நித்திரை இல்லை. பகலில வேலையில தூங்கி விழுறன். ஓவர்டைம் காசும் இல்லை. பிழை விட்டிட்டனோ?" என்று கேட்டார்.

எனக்கு என் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பெண்கள் காப்பகத்தில். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று நான்கு வருடங்கள் வேலை செய்தேன். பின்னர் வெளிக்கள வேலை கிடைத்தது. காலை எட்டரைக்குப் போய் பின்னேரம் நாலரைக்குத் திரும்பலாம். இனி மனிசரைப்போல நித்திரை கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லிச் சந்தோசப்பட்டேன். ஆனால் முதல் வாரமே இரவு இரண்டு மணிக்குக் கண் திறந்துவிடும். விடியும்வரை மூடாது.

இதற்கு முதற் காரணம் உடம்பு. எங்கள் உடம்புக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017 இல் நோபல் பரிசு கிடைத்தது. எப்போது பசிக்க வேண்டும், எப்போது நித்திரை வர வேண்டும் என்பதையெல்லாம் அந்த மணிக்கூடுதான் தீர்மானிக்கிறது. அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். வருடக்கணக்காக இரவில் விழித்திருந்தவளிடம் அது ஒரே நாளில் திரும்பி வராது. நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் என்ற அளவில்தான் மெல்ல நகரும். ஆகவே முதல் ஓரிரண்டு கிழமைகள் கஷ்டமாக இருப்பது இயல்பு. அதை வைத்து எடுத்த முடிவு பிழை என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது காரணத்தை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். இரவுக் கடமையில் விளக்கு எரியும், பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள், கைக்கு வேலை இருக்கும். விழித்திருப்பதற்குச் சம்பளமும் தருவார்கள். பகல் வேலைக்கு மாறியபின் இருட்டிலே சும்மா படுத்திருக்க வேண்டி வந்தது. அப்போதுதான் புதுக்குடியிருப்பு பங்கர் நினைவு வந்தது. 2009 இல் எனக்குப் பதினாறு வயது. நாங்கள் கொஞ்சமாவது கண்ணயர வேண்டுமென்று அம்மா இரவிரவாக விழித்திருந்து ஷெல் வரும் சத்தத்தைக் கவனிப்பா. யாராவது ஒருவர் விழித்திருந்தால்தான் மற்றவர்கள் உயிரோடிருக்கலாம் என்று அந்த மாதங்களில் நான் பழகிக்கொண்டேன். காப்பகத்தில் இரவுக் கடமையை விரும்பிக் கேட்டு வாங்கியது மேலதிகக் கொடுப்பனவுக்காக என்றே நினைத்திருந்தேன். அது மட்டுமல்ல என்று இப்போது தெரிகிறது.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் கனநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவர் வந்து கதவைத் தட்டினா எனக்குக் கேக்க வேணுமெண்டு நினைச்சு நினைச்சே படுக்கிறனான். வேலையில நிண்டா அந்த எண்ணம் இல்லை" என்றார். ஏழு வருடங்களில் இதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இப்படி இருக்கலாம். ஆகவே எங்கள் இருவருக்கும் உதவியவற்றைச் சொல்கிறேன்.

இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்புங்கள். லீவு நாளிலும் அப்படியே. எழும்பியதும் முற்றம் கூட்டுவதோ, பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவதோ, அரை மணித்தியாலம் வெளி வெளிச்சத்தில் நில்லுங்கள். இரவுக் கடமைக்காரருக்குப் பிளேன்ரீதான் உயிர். ஆனால் அதன் வேகம் பல மணித்தியாலங்கள் உடம்பில் நிற்கும். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். பகலில் சரிய வேண்டும் போலிருந்தால் அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். இராச்சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். படுத்தபின் போனைப் பார்க்க வேண்டாம். நித்திரை வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழும்பி, மங்கலான வெளிச்சத்தில் கீரை ஆய்வது போன்ற சிறு வேலையொன்றைச் செய்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள்.

சில கிழமைகள் கடந்தும் கெட்ட கனவுகள், நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத அழுகை தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வெட்கப்படுகிறோமா? கடையில் நித்திரைக் குளிசை வாங்கி நீங்களாகவே போடுவது மட்டும் வேண்டாம்.

அடுத்தது காசு. தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஓவர்டைம் இல்லாமற் போவது சின்ன விடயமல்ல. நானும் அக்காவும் ஒரு கொப்பியில் கணக்கு எழுதிப் பார்த்தோம். குறைந்த காசை ஒரு பக்கம் எழுதினோம். மறுபக்கத்தில் இரவில் போன ஓட்டோக் காசு, கடைச் சாப்பாடு, அடிக்கடி வந்த தலையிடிக்குச் செலவழித்த காசு எல்லாம் எழுதினோம். குறைவு இருக்கத்தான் செய்தது. ஆனால் அக்கா பயந்த அளவில் பாதிகூட இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். ஓவர்டைம் காசு அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே ஓவர்டைம் நின்றாலும் அந்தச் சேமிப்புக் குறையாது. வேலை மாற முன்னரே கிழமைக்கடன் தவணைகளை எழுதிப் பாருங்கள். பற்றாக்குறையை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்துவிடாதீர்கள்.

தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெண்களின் வேலை பற்றிய 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1984 இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி விருப்பமில்லாத பெண்ணை இரவு வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. மாதத்தில் பத்து நாட்களுக்கு மேல் இரவு வேலை கொடுக்கக் கூடாது. இரவு வேலைக்குச் சாதாரண சம்பளத்தின் ஒன்றரை மடங்காவது தர வேண்டும். பகலில் வேலை செய்தவளை அன்றிரவு பத்து மணிக்குப் பின் வேலைக்கு வைக்கவும் கூடாது. இவை மீறப்பட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

எல்லோராலும் பகல் வேலைக்கு மாற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இரவு வேலையால் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மாரை நான் மதிக்கிறேன். ஆனால் ஊர் பகலில்தான் இயங்குகிறது. பாடசாலைக் கூட்டம், பிரதேச செயலக அலுவல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எல்லாம் பகலில்தான். இரவில் வேலை செய்து பகலில் படுப்பவளை ஊர் மெல்ல மறந்துவிடுகிறது. அக்காவின் பெயர் சங்கத்தின் கோழிவளர்ப்பு உதவிப் பட்டியலில் இல்லாமற் போனதும் அப்படித்தான். கூட்டத்துக்கு வராதவரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

போன கிழமை திரும்பவும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாறி மூன்று மாதங்களாகின்றன. இரவில் ஒருதரம் இன்னும் விழிப்பு வருகிறதாம், ஆனால் திரும்பவும் நித்திரையாகிவிடுகிறாராம். கதவுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதை அவர் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. மகள் விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மம்மா போனதுக்குப் பிறகு நான்தான் ராவில முழிச்சிருந்தனான் அக்கா. அம்மாட்டச் சொல்லேல்லை. இப்பதான் நல்லா நித்திரை கொள்ளுறன்" என்றாள்.

குசினிக்குள் நின்ற அக்காவுக்கு அது கேட்டது. அவர் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, மகளின் தலையைத் தடவிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். தனக்கு ஊற்றவில்லை. நேரம் பின்னேரம் ஐந்து மணி.

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குத் தான் போவதாகவும், கோழிவளர்ப்புப் பட்டியல் பற்றிக் கேட்கப் போவதாகவும் சொன்னார். என்ன நடந்தது என்று அடுத்த மாதம் எழுதுகிறேன். வேலைநேரம் மாறிய உங்கள் அனுபவங்களையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி