நந்தி மலைக்கு நடந்து செல்வோம்

மாணவர்களே! நடந்து கண்டு மகிழத்தக்க மலைப்பாதைகள் நம் நாட்டில் பல உள்ளன. உத்தராகண்டத்தின் பூக்களின் பள்ளத்தாக்கும், குடகின் தடியண்டமோள் சிகரமும் அவற்றுட் சில. ஆயினும், பெங்களூருவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் முதலில் நடக்க வேண்டியது நந்தி மலைப்பாதையே என்பது என் கருத்து.

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இம்மலையின் உயரம் 1,478 மீட்டர். உச்சிவரை சாலை இருப்பதால், பலர் விடியலில் வண்டியில் சென்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அடிவாரத்துச் சுல்தான்பேட்டையிலிருந்து ஏறும் கற்படிகளில் நடப்போர் குறைவு.

நடந்தால் களைப்பே மிஞ்சும் என்பர் சிலர். ஆனால், நடப்பவர்க்கே மலை தன்னைக் காட்டும். மழைக்காலத்தில் பாறையிடுக்கில் கசியும் நீரை நின்று பாருங்கள். இம்மலைத்தொடரில்தான் தென்பெண்ணையும் பாலாறும் பிறக்கின்றன. தென்பெண்ணை கிருஷ்ணகிரி வழியாகச் சென்று கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பாலாறு வேலூர், காஞ்சிபுரம் பகுதிகள் வழியாகச் செல்கிறது. இங்குத் தோன்றும் அர்க்காவதியோ காவிரியில் சேர்கிறது. உங்கள் தாத்தா பாட்டியின் ஊர் இவ்வாறுகளுள் ஒன்றன் கரையில் இருக்கக்கூடும். நாம் அங்கிருந்து இங்கு வந்தோம். நீர் இங்கிருந்து அங்குச் செல்கிறது.

எனவே, பெரியோர் துணையுடன் பகலில் நடந்து செல்லுங்கள். கொண்டு சென்ற நெகிழிப் பையையும் புட்டியையும் திரும்பக் கொண்டு வாருங்கள். மலையில் நாம் எறியும் குப்பை மழைநீரோடு ஆற்றில் இறங்கும். மலையைக் காப்பது நம் ஊரைக் காப்பதாகும்.