கிராம சபையில் தீர்மானம் வேண்டும்



சென்ற வாரம் பாறசாலையில் ஒரு டீக்கடையில் கண்டது. கட்டட வேலைக்குப் போகும் வங்காளத் தொழிலாளர் இருவர் பெஞ்சில் உட்காரப் போனார்கள். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. "வெளியே நின்று குடி" என்றார் கடைக்காரர். அவரும் என்னைப் போல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்.

1956-இல் மாநில எல்லை பிரிந்தபோது பாறசாலை அடங்கிய எங்கள் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. தமிழன் என்பதால் பள்ளியில் என்னை 'பாண்டி' என்று கூப்பிட்டுச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வலி தெரிந்த நாமே இன்னொருவரை எழுப்பி நிறுத்தலாமா?

இது சாதாரண மண் அல்ல. நாராயண குரு சாதித் தடையை மீறி 1888-இல் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் இங்கேதான். தலித் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஊரூட்டம்பலம் பள்ளியும் பக்கத்தில்தான். அவள் வகுப்பில் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அங்கே இன்றும் காக்கிறார்கள். 2022-இல் அந்தப் பள்ளிக்கு இருவர் பெயரும் சூட்டப்பட்டது.

பெயர் சூட்டினால் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிராம சபை கூட வேண்டும் என்பது கேரளச் சட்டம்; அங்கே இதை எழுப்பலாம். சாதி, மொழி, ஊர் சொல்லி யாரையும் இழிவுபடுத்தமாட்டோம் என்று எல்லையோரப் பஞ்சாயத்துகளும் நெய்யாற்றின்கரை நகரசபையும் தீர்மானம் போட வேண்டும். புகார் சொல்லும் இடத்தைத் தமிழிலும் வங்க மொழியிலும் இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். வரும் கிராம சபையில் நான் இதைக் கேட்பேன். நீங்களும் உங்கள் வார்டில் கேளுங்கள்.

- ஒரு வாசகர், பாறசாலை