தொழுநோய்த் தடுப்பூசியும் தல்வாரின் பாதையும்: நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

2027க்குள் தொழுநோய் பரவுவதை நிறுத்திவிட வேண்டும் என்று ஒன்றிய அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டு முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில், இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று அறிவித்த நாடு இது. ஆனாலும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் குணமாகிறது. ஆனால் தாமதமாக வந்தவரின் மரத்துப்போன விரல்களுக்கு உணர்வு திரும்புவது அரிது. நோய் வருமுன் தடுக்க வழி உண்டா என்ற கேள்வி அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இக்கேள்விக்காக நீண்ட காலம் உழைத்தவர்களில் முக்கியமானவர் நோயெதிர்ப்பியல் அறிஞர் ஜி.பி. தல்வார். 1926இல் பிறந்தவர். லாகூரில் படித்து, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றார். பிரான்ஸுக்குப் போகும் பாதை புதுச்சேரிக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. டில்லி எய்ம்ஸில் பேராசிரியரானார். 1981இல் தொடங்கப்பட்ட தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்து அதை வளர்த்தார். 1992இல் பத்ம பூஷண் பெற்றார்.

தொழுநோய்க் கிருமியை இன்றுவரை ஆய்வகக் குடுவையில் வளர்க்க முடியவில்லை. எனவே அதன் உறவுக் கிருமிகளில் தீங்கு செய்யாத, வேகமாக வளரும் ஒன்றைத் தல்வார் குழு தேடியது. கிடைத்தது 'எம்.டபிள்யூ' என்ற கிருமி. அதை வெப்பத்தால் கொன்று உடலில் செலுத்தினால், தொழுநோய்க் கிருமியையும் அடையாளம் கண்டு எதிர்க்க உடல் கற்றுக்கொள்ளும் என்பது கருத்து. பின்னாளில் அக்கிருமிக்கு 'இண்டிகஸ் பிரானி' என்று பெயர் வந்தது. 'பிரானி' என்பது தல்வாரின் நடுப்பெயரான 'பிரான்' என்பதிலிருந்து வந்தது.

ஆய்வுக்கட்டுரை மட்டும் நோயாளியின் கைக்குப் போய்ச் சேராது. தயாரிக்கத் தொழிற்சாலை வேண்டும், உரிமம் வேண்டும், முதலீடு வேண்டும். காடிலா ஃபார்மாசூட்டிகல்ஸ் நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தைப் பெற்று மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் பிறந்த அறிவு இப்படித் தனியார் கைக்குப் போவது தவறல்ல. அப்படிப் போகாவிட்டால் பல கண்டுபிடிப்புகள் அலமாரியிலேயே தங்கிவிடும். ஆனால் மருந்து எவ்வளவு நல்லது என்று சொல்ல வேண்டியவர் கண்டுபிடித்தவரும் அல்ல, விற்பவரும் அல்ல. அது சோதனையின் வேலை.

அந்தச் சோதனை நம் பக்கத்திலேயே நடந்தது. 1991 முதல் செங்கல்பட்டு வட்டாரத்தில் சுமார் 1,71,000 பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். எம்.டபிள்யூ, மும்பையில் உருவான ஐ.சி.ஆர்.சி., பி.சி.ஜி., பி.சி.ஜி.யுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் என ஐந்து பிரிவுகள். 1998இல் முடிவு வெளியானது. ஐ.சி.ஆர்.சி. 65.5 சதவீதப் பாதுகாப்பும், பி.சி.ஜி.யுடன் கொல்லப்பட்ட கிருமி 64 சதவீதமும், பி.சி.ஜி. மட்டும் 34.1 சதவீதமும், எம்.டபிள்யூ 25.7 சதவீதமும் தந்தன.

இதை வைத்து எம்.டபிள்யூவை ஒதுக்கிவிடுவதும் நியாயமல்ல. கான்பூர் பகுதியில் நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, முதல் கட்டத்தில் 68.6 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது 59 ஆகவும், பிறகு 39.3 ஆகவும் குறைந்தது. 2016இல் பீகார், குஜராத் மாநிலங்களின் ஐந்து மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தர அறிவிக்கப்பட்டதும் இதே தடுப்பூசிதான். கான்பூர் முடிவு அதற்கு ஒரு நியாயம். ஆனால் செங்கல்பட்டில் இரண்டு மடங்குக்கும் மேல் பாதுகாப்பு தந்தவை ஏன் அந்த இடத்துக்கு வரவில்லை? ஒரு மருந்து மக்களிடம் வந்து சேர்வதை அதன் பலன் மட்டும் முடிவு செய்கிறதா, பின்னால் நிற்கும் கம்பெனியும் சேர்ந்து முடிவு செய்கிறதா? ஊசிக்குக் கை நீட்டிய அந்தக் கிராமத்து மக்களுக்கு இதற்கு வெளிப்படையான பதில் கிடைக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, புதிய மருந்து பற்றி வாட்ஸ்அப்பில் புகழ் வந்தாலும் வதந்தி வந்தாலும் நான்கு கேள்விகள் கேட்போம்: எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? பாதுகாப்பு எத்தனை ஆண்டு நின்றது? சோதித்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத புகழையும் நம்ப வேண்டாம், பழியையும் நம்ப வேண்டாம்.

மற்றொன்று பிள்ளைகளைப் பற்றியது. மூலக்குளத்திலும் பிளஸ் டூ முடித்த பிள்ளை என்றால் நீட், இன்ஜினியரிங் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நீட்டில் இடம் கிடைக்காத பிள்ளையைத் தோற்றவராகப் பார்க்கிறோம். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்க காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மருந்தைக் கண்டுபிடிப்பவர்களும், அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கணக்குப் பார்த்துச் சொல்பவர்களும் அந்தப் படிப்புகளிலிருந்துதான் வருகிறார்கள். செங்கல்பட்டு முடிவுகளை ஒளிக்காமல் எழுதி வைத்தவர்களைப் போன்ற நேர்மையான ஆட்கள் நம் வீடுகளிலிருந்தும் வரட்டும்.