காலு மட்டுந்தேன் வளர்ந்திருக்கு!

குதிரை என்றதும் நமக்கு ராஜா, ராணி, பட்டத்து இளவரசன் என்றுதானே கதை ஓடும்? எங்கள் போடிப் பக்கத்துக் குதிரைகளுக்கு அந்த ஜம்பமெல்லாம் கிடையாது, சகோதரிகளே! போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வரை பஸ் போய்விடும். அதற்கு மேலே, ரோடு எட்டாத மலைக் கிராமங்களுக்கு அரிசி பருப்பை ஏற்றிப் போய், காப்பியும் மிளகும் ஏலக்காயுமாக இறங்கி வருவது மட்டக்குதிரைகள்தான்.

நான் கம்பத்தில் வாக்கப்பட்டவள். போடியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அடுத்த வாசல், ஒரு குதிரைக்காரர் வீடு. அங்கே இரண்டு வயது நிரம்பாத ஒரு பிள்ளையாண்டான் இருக்கிறான். பெயர் துரை. பெயருக்கும் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லை! திரும்பினால் இடுப்பு தூணில் இடிக்கும். தன் காலைத் தானே மிதித்துக்கொண்டு, யாரோ மிதித்த மாதிரி நம்மை முறைப்பான். கொடியில் காய்ந்த அக்காவின் சுங்குடிச் சேலைக்குள் தலையை விட்டுவிட்டு, முக்காடு போட்ட மணப்பெண் மாதிரி தெருவெல்லாம் ஓடினான். வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம்? அது எப்போதோ காலி. பெரிய குதிரைகள் எதிரில் வந்தால் மட்டும் பரம சாது. பல் போன பாட்டி வெற்றிலை மெல்லுவதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடுவான். ‘நான் சின்னப் பிள்ளை, அடிக்காதீங்க’ என்று அதற்கு அர்த்தமாம்!

இத்தனை தடுமாற்றத்துக்கும் காரணம் உண்டு. தாய் வயிற்றில் பதினோரு மாதம் இருந்து பிறக்கிற குட்டி, ஓரிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடுகிறது. கால்கள் பிறக்கும்போதே ஏறக்குறைய முழு நீளம். உடம்பு பிறகுதான் மெள்ள மெள்ள வந்து சேருகிறது. எலும்பு முற்றுவதும் கீழிருந்து மேலாகத்தான். கால் முதலில், முதுகெலும்பு கடைசியில், ஐந்து வயதுக்கும் மேலே.

போன சீசனில் இதுதான் பெரிய பேச்சாகிவிட்டது. காப்பிப் பழம் பறிக்கிற நேரம் பார்த்துத் தாய்க்குதிரைக்குக் குளம்பில் கல் குத்தி நொண்டியது. ஒரு நடை போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மூட்டைக்காரர் துரையைத் தட்டிப் பார்த்து, “மலை மாதிரி நிக்கிறானே, ரெண்டு மூட்டை ஏத்தினா என்ன?” என்றார். குதிரைக்காரர் பேசாமல் நின்றார். அவர் சம்சாரம்தான் அடுப்படியிலிருந்து வந்து, “வளர்ந்தது காலு மட்டுந்தேன் அண்ணே. முதுகு இன்னும் பிள்ளை முதுகு. இப்ப ஏத்தினா ஆயுசுக்கும் கோணிப்போகும்” என்றாள். அந்த மாதம் வெளியிலிருந்து ஒரு குதிரையை வாடகைக்குப் பிடித்தார்கள். கூலியில் பாதி அதற்கே போயிற்று. வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தி வரக்காப்பி குடித்தார்கள். பள்ளிக்கூடம் போகாதவள், எனக்கு அவளைப் பார்த்து மலைப்பாக இருந்தது.

துரைக்கு இன்னொரு ஆபத்து, நம்மைப் போன்ற இளகிய மனசுக்காரர்கள்தான்! ஜன்னலில் மூக்கை நீட்டினால் விசேஷ வீட்டு மிச்சச் சோற்றை அள்ளி வைத்துவிடுவோமே? கூடவே கூடாது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உடம்பைப் பார்க்க இரைப்பையும் சின்னது. சோறு புளித்துப் பொங்கினால் வயிற்றுவலியில் உயிரே போய்விடும். தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, காலால் உதைத்துக்கொண்டு புரண்டாலோ, கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆசைக்கு ஒரு கேரட்டை நீளவாக்கில் நறுக்கி, விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள், போதும். குழந்தைகளைப் பின்பக்கம் மட்டும் போகவிடாதீர்கள். எவ்வளவு நல்ல குதிரையானாலும் திடுக்கிட்டால் உதைக்கும்.

தாய்க்குதிரைக்குக் குளம்பு ஆறிவிட்டது. துரையும் இப்போது அம்மா பின்னாலேயே குரங்கணிக்கு மேலே போய் வருகிறான், பழகுவதற்காக முதுகில் ஒரே ஒரு காலிச் சாக்கோடு. முதல் நாள் பாதி மலையில் அதையும் உருவி, வாயில் கவ்விக்கொண்டே வீடு வந்து சேர்ந்தானாம்!